ராசியான குழாய்

குடிநீர் நிலைய மேலாளர் காலையில் வந்ததும் காபி குடித்தார். தன் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக்கிக் காட்டும் மருந்துத்தூளைப் போட்டார். வந்த நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட்டார். குளோரின் என்றும்போலச் சரியாக இருந்தது.

"குழாய் உள்ள இவ்வளவு சிவப்புக் கறை. கழுவ மாட்டீங்களா?" என்றாள் சோதிக்க வந்த இளம் அதிகாரி.

"ராசியான குழாய்மா. கழுவினா ராசி போயிடும்."

"ஊர்ல பாதிப் பேருக்கு வயித்துப்போக்கு சார்."

"கண்டதையும் தின்னுட்டுத் தண்ணி மேல பழி போடறாங்க. நேத்துப் படிச்சு முடிச்சவங்க எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க!"

அவள் தான் கொண்டுவந்த பாட்டிலை நீட்டினாள். அவர் அதே குழாயில் ஊற்றித் தூளைப் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதே இளஞ்சிவப்பு.

"பாத்தீங்களா? இதுலயும் குளோரின் கச்சிதம். பேசாம சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை மூடினாள்.

"நான் குடுத்தது வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணி சார். அதுல குளோரின் ஒரு சொட்டுகூடக் கிடையாது."