உடன் ஜெபித்த குரல்

தையற்காரி தன் கணவரை அடக்கம்செய்த மறுவாரம் முதல், மாலை ஜெபத்தில் அச்சுப் பிசகாமல் அவருடைய குரலே பக்கத்து அறையிலிருந்து உடன்சொல்லி வந்தது. அறையில் ஒருவருமில்லை.

“துணியக்கூட இழுத்துப் பாத்து வாங்குறவ நீ. வர்ற குரலச் சோதிக்க மாட்டியா?” என்றார் போதகரான அண்ணன்.

“இருமல்கூட அவரோடதுதாண்ணா.”

“இருமலை யாரு வேணாலும் இருமலாம், தங்கச்சி. கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபத்த முழுசாச் சொல்லுதான்னு கவனி.”

அன்று கவனித்தாள். தீமையினின்று இரட்சிக்கும்படி வேண்டும் வரியில் குரல் நின்றது. அவ்வரி கடந்தபின் மீண்டும் சேர்ந்துகொண்டது.

அண்ணனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தையல் இயந்திரத்தை மூடிவிட்டு முழந்தாளிட்டாள். அவ்வரி நெருங்கியதும், குரல் நின்றுவிடக் கூடாதே என்று தானே அதை விட்டுவிட்டாள். ஜெபம் தடையின்றி நடந்தது. இருவரும் ஒரே மூச்சில் ஆமென் சொன்னார்கள்.