பேசாதவனுக்குக் கோப்பை இல்லை

"பிராக்கெட்டுக்குள்ள இருக்கிறதை மட்டும் நீ படி, கிரிமுர். வசனத்தை நாங்க பாத்துக்கறோம். ரேடியோவுல புயல் எச்சரிக்கை வாசிக்கிற மாதிரி குரல் உனக்குத்தானே இருக்கு," என்றார் பால்மி.

கிரிமுர் சிரிக்கவில்லை. ஊர் மன்றத்து மேசையில் கிடந்த நாடகத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே ஸ்டைனுன் உட்கார்ந்திருந்தாள். நாடகத்தை எழுதியவள் அவள்தான். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவள் கணவன் ஹால்தோரும் கிரிமுரும் ஒரே படகில்தான் கடலுக்குப் போனார்கள். கரை சேர்ந்தது கிரிமுர் மட்டும். ஹால்தோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

குளிர்கால விருந்துக்கு இன்னும் ஒரு வாரம். புளிக்கவைத்த கறியையும் சாராயத்தையும் வைத்துக்கொண்டு ஊரே கூடும். அன்று போடும் நாடகத்தில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் கிண்டலடிப்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், ஆனால் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கிண்டலில் ஒருவன் சிக்கவில்லை என்றால், ஊர் அவனைத் தன் ஆளாக நினைக்கவில்லை என்று அர்த்தம். போன இரண்டு விருந்திலும் கிரிமுரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. இந்த வருடமும் அதே கதைதான் என்றால் வீட்டை விற்றுவிட்டுத் தலைநகரம் ரெய்க்யாவிக் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தார். முந்தைய காட்சிகளில் தான் இல்லை என்பது காதுக்கு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்தக் கடைசிக் காட்சிதான்.

பாத்திரங்கள் மூன்றே பேர். காபி ஊற்றுபவள், வாயாடி, பேசாதவன். முதல் இருவருக்கும் எதிரே ஸ்டைனுன், பால்மி என்று எழுதியிருந்தது. பேசாதவனுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

கிரிமுர் படிக்கத் தொடங்கினார். "(கூட்டுறவுக் கடையின் காபி மேசை. கதவோரம் பேசாதவன் நிற்கிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.)"

பால்மி வாயாடியாகி இரண்டு கையையும் விரித்தார். "அந்த மீன் இருக்கே, இந்த மேசை நீளம். தூண்டிலை இழுத்தா படகே பின்னால போகுது."

"போன வாரம் நாற்காலி நீளம்னு சொன்னே," என்று ஸ்டைனுன் தன் வரியைப் படித்தாள்.

"அது போன வாரம். மீன் வளராதா?"

கிரிமுருக்கே உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பால்மி தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்கிறார் போலும். இந்தத் துறைமுகத்தில் மீன் கதை அளக்காதவர் யார்?

அடுத்த குறிப்புக்கு வந்தார். "(காபி ஊற்றுபவள் கோப்பைகளை வைக்கிறாள். பேசாதவனுக்குக் கோப்பை இல்லை.)"

அவர் குரல் இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த குறிப்பை முதலில் மனசுக்குள் படித்துப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"(பேசாதவனின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. துடைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.)"

தாளை மேசையில் போட்டார். ஹால்தோர் இல்லாமல் கரை சேர்ந்த அன்று, நனைந்த துணியோடு துறைமுகத்தில் ஏறி வந்தபோது பாதி ஊர் அங்கே நின்றது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். அவரும் பேசுவதை விட்டுவிட்டார். ரொட்டி வாங்குவார், தலையசைப்பார், வந்துவிடுவார்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் பால்மி.

"இதைப் புரிஞ்சுக்க முடியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தையா? கதவோரம் நிக்கிறவன். ஈரத் துணியோட வந்தவன். ஒரு வாய் காபிக்குக்கூட ஆகாதவன். ரெண்டு வருஷமா என்னைக் கண்டுக்கவே இல்ல. கடைசியில கண்டுக்கிட்டது இப்படியா? ஊர் வேடிக்கை பாக்க நான் போய் அங்க நிக்கணுமா?"

பால்மி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டைனுன் கையமர்த்தினாள்.

"உன்னை யாரும் நிக்கச் சொல்லலையே. அந்த வேஷத்துக்கு நாங்க ஆளே போடல."

"நல்லதாப் போச்சு. விருந்து அன்னிக்கு நான் இந்த ஊர்லயே இருக்கப் போறதில்ல. வீட்டை வித்துட்டுப் போறேன். உங்களுக்கும் நிம்மதி."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நடுப்பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே மலையும் கடலும் இருட்டிக் கிடந்தன.

"போறதுன்னா போ. கடைசிக் குறிப்பை மட்டும் படிச்சிட்டுப் போ," என்றாள் ஸ்டைனுன். "மத்ததெல்லாம் ஒரே மூச்சுல எழுதிட்டேன். அதை எழுதறதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

கிரிமுர் நின்றபடியே தாளைக் கையில் எடுத்தார்.

"(வாயாடியின் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. மேசையில் ஒரு சத்தமும் இல்லை. பேசாதவன் நடந்து வந்து வாயாடியின் தோளில் கை வைக்கிறான். வாயாடிக்கு அது தெரியவில்லை.)"

"இதுல என்ன இருக்கு?" என்றார், கதவைப் பார்த்தபடி.

"அது ஹால்தோர்," என்றாள் ஸ்டைனுன். "கரைக்கே வராதவனுக்கு யாரு கோப்பை வைப்பாங்க, கிரிமுர்? பாதியில மீன் கதையை நிறுத்திட்டு ரெண்டு வருஷமா வாயே திறக்காம இருக்கிற அந்த வாயாடிதான் நீ."