கிழக்கே பார்த்த ஆடுகள்

பிஎச்.டி. சேர்க்கைக்கான நேர்காணல் முடிந்து பல்கலைக்கழக வாசலுக்கு வந்த என் மகள் முத்துசெல்வி, மரத்தடியில் காத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி, எடம் உண்டா?"

"இல்லப்பா."

தொண்ணூற்று நான்கிலிருந்து ஐந்து வருஷம், நாகலாபுரத்தில் எங்கள் ஆடுகள் படுக்கும் திசையையும் மழை பெய்த நாளையும் நோட்டில் குறித்து வந்தவள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பதுதான் அவள் எழுத நினைத்த ஆராய்ச்சி.

"ஏன் இல்லையாம்?"

"ஆடு கிழக்கே பார்த்துப் படுத்தா மூணாம் நாள் மழைன்னு எழுபத்தெட்டுலயே ஒருத்தர் எழுதி டாக்டர் பட்டம் வாங்கிட்டாராம். அவியதான் இப்ப நேர்காணல் குழுத் தலைவர். நான் சொல்லுதது தப்பாம்."

"அவியளுக்கு யாரு சொன்னாவளாம்?"

"கரிசக்காட்டுல ஆடு மேய்க்கவர் ஒருத்தர். மண்ணுல பாடுபடுதவன் பொய் சொல்ல மாட்டாம்னு சொல்லிட்டாவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவம்ட்டி அந்தப் புளுகன்? அவன் சொன்னது பொய்யின்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள ஆதாரத்தைக் காட்டிட்டாவ."

பையிலிருந்து அந்த ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஒரு பக்க ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவில், கறுப்பு மீசையோடு, நான் கிழக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

கோவில்பட்டி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். கயத்தாறு தாண்டியதும் கேட்டாள்.

"அதைச் சொல்லுததுக்கு அவிய என்னப்பா வாங்கிக் குடுத்தாவ?"

"ஒரு டீ, ரெண்டு வடை" என்றேன்.