மருமகளின் காது

"என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க."

தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு மருமகள் கேட்டாள். துணி கொடுக்க வந்தவருக்கு எரிச்சல்.

"அரைக்கை! பை இடது பக்கம் மட்டும்!" என்று கத்தினார்.

அவர் போனதும் மாமனார் கத்தரியை மேசையில் போட்டார். கடைக்கு அவர்தான் கட்டிங் மாஸ்டர்.

"அந்த மனுஷன் என்கிட்ட பேசுறாரு. நடுவுல உனக்கென்ன, செவிட்டு மகாராணி? வர்றவங்க எல்லாம் மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போறாங்க."

அவள் சிரித்து மழுப்பினாள்.

போன மாதம் மாஸ்டர், வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுத் துணியைச் சொன்னதற்கு மாறாக வெட்டி, கடை வாசலில் பெரிய ரகளை ஆகிவிட்டது. பட்ட காலிலேயே படும் என்பதுபோல, அதன்பிறகு இவளுக்கும் காது மந்தம்.

"நாளைக்கே டெஸ்ட் எடுப்போம். காது போச்சுன்னாலும் வீட்டுல இரு, நடிப்புன்னாலும் வீட்டுல இரு. கடைப் பக்கம் வராதே."

அவள் முகம் வாடியது. "சரி மாமா. ஆனா நீங்களும் கூட எடுத்துக்கணும். தனியா எனக்குப் பயம்."

மறுநாள் டாக்டரம்மா மருமகளைச் சோதித்துவிட்டுச் சொன்னார். "இவங்க காதுல ஒரு குறையும் இல்லை."

"பாத்தீங்களா! அத்தனையும் நடிப்பு!"

அடுத்து மாஸ்டர். அமைதியான அறையில் எல்லாம் கேட்டது. மெத்தனமாக உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டரம்மா இரைச்சலை ஓடவிட்டு, அதன் நடுவே வார்த்தைகளைச் சொன்னார். மாஸ்டர் திருப்பிச் சொன்னதில் பாதி அவராக இட்டுக்கட்டியது.

"காது மட்டும் மூளைக்குச் சேதி அனுப்பறதில்லைங்க. மூளையும் காதுக்கு உத்தரவு போடும், 'இரைச்சலை அடக்கு, பேச்சை மட்டும் உள்ளே விடு'ன்னு. உங்களுக்கு அந்த உத்தரவு தளர்ந்திருக்கு. சுத்தி அமைதியா இருந்தாக் கேக்கும். மிஷின் ஓடினா எதிர்ல நிக்கிறவர் பேச்சு அதுல கரைஞ்சிடும்."

மாஸ்டர் மெல்லத் திரும்பினார்.

"அப்போ... நீ மிஷினை நிறுத்தி நிறுத்தி அவங்களைக் கத்த வச்சது..."

அவள் தலைகுனிந்தாள்.

"தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா? உனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"மாஸ்டருக்குக் காது கேக்கலைன்னா எவன் மாமா நம்பித் துணி கொடுப்பான்? காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவளுக்குக் கேக்கலைன்னா யாருக்கு என்ன?"