இன்ஸ்பெக்டரின் மூன்று தொட்டிகள்

கதவைத் திறந்ததுமே யோஸ்ட் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். "சார், சத்தியமா இந்த வருஷம் என்கிட்ட ஒரு இலைகூட இல்ல. வேணும்னா உள்ள வந்து பாருங்க!"

வாசலில் நின்ற வோல்க்மார் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைக் காட்டினார். உள்ளே ஓரம் கருகிய கஞ்சா இலை ஒன்று இருந்தது. "சோதனை போட வரல யோஸ்ட். யோசனை கேக்க வந்தேன். இது என் வீட்டுச் செடி. ஏன் இப்படிக் காயுதுன்னு நீங்கதான் சொல்லணும்."

'நீங்க' என்று தன் வாயிலிருந்து வந்ததை வோல்க்மாரே கவனித்தார். இருபது வருடத்துக்கு முன் சோதனை போட வந்தபோது இதே வாசலில் 'நீ' என்றுதான் வந்தது. காரியம் ஆகவேண்டும் என்றால் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

முப்பது வருடம் போதைத் தடுப்பு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவர் பிடுங்கிய கஞ்சாச் செடிகளைத் திரும்ப நட்டால் ரைன் நதிக்கரை பாதி தூரம் பச்சையாகிவிடும். இப்போது ஜெர்மனியில் சட்டமே மாறி, ஆளுக்கு மூன்று செடி வளர்க்கலாம் என்றாகிவிட்டது.

செய்தியைப் படித்த அன்றே மனைவி கெர்லிண்டே சீண்டினாள். "முப்பது வருஷமா பிடுங்கினீங்களே, ஒண்ணை வளர்த்துக் காட்டுங்க பாப்போம்!"

ரோஷத்தில் பந்தயம் கட்டிவிட்டார். அவருடைய பால்கனியில் ஒரு செடியாவது பூக்காவிட்டால், செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, பழைய போலீஸ்காரர்கள் கூடும் பீர் மேஜையில் எழுந்து நின்று, "எனக்குப் பிடுங்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்ல வேண்டும்.

யோஸ்ட் இலையைத் திருப்பிப் பார்த்தார். "கருப்புத் தொட்டியா சார்? முப்பத்தெட்டு டிகிரி வெயில்ல வேரை வேகவச்சிட்டிருக்கீங்க. அன்னைக்கு எங்கம்மாவோட நீலத் தொட்டி மூணையும் செடியோட அள்ளிட்டுப் போனீங்களே, அதெல்லாம் சூடே ஏறாது."

"சட்டப்படிதானே எடுத்தேன்? கையெழுத்துப் போட்டு ரசீதுகூடக் குடுத்தேனே!"

"குடுத்தீங்க சார். இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்."

மறுநாளே யோஸ்ட் வந்தார். தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினார். கொதிக்கிற தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றிவைத்து, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

பத்தே நாளில் மூன்று செடியும் நிமிர்ந்துவிட்டன. பூரித்துப்போன வோல்க்மார், ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் எண்ணும் தேதியும் எழுதிச் சீட்டு ஒட்டினார். சாட்சிப் பொருளுக்கு ஒட்டி ஒட்டிப் பழகிய கை, சும்மா இருக்குமா?

ஆகஸ்டில் ஒருநாள் யோஸ்ட் முதல் செடியை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆண் செடி சார். இது ஒண்ணுத்துக்கும் உதவாது. விட்டு வச்சா மகரந்தம் பறந்து மத்த ரெண்டையும் கெடுத்துடும்."

வோல்க்மார் உடனே அதன் கழுத்தைப் பிடித்தார்.

"ஐயோ, பிடுங்காதீங்க! உதறினா தூள் பறக்கும். தொட்டியோட குடுங்க, நானே குப்பையில சேத்துடறேன்."

யோஸ்ட் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, தெருவின் நிழல் பக்கமாகவே பார்த்துப் பார்த்து நடந்ததை வோல்க்மார் பால்கனியிலிருந்து கவனித்தார். பாவம், அவருக்கும் வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருடம் துப்பறிந்த மூளை.

அடுத்த வாரம் இரண்டாவது செடியும் ஆண் என்று போனது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. "உங்க ராசி அப்படி சார்" என்று யோஸ்ட் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வெறிச்சோடிய பால்கனியைப் பார்த்த கெர்லிண்டே, வெள்ளிக்கிழமைக்கு அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், அவமானப்படும் முன் உழைத்த மனுஷனுக்கு நன்றியாவது சொல்லிவிடலாம் என்று, ஆறு பாட்டில் பீரோடு யோஸ்ட் வீட்டுக்குப் போனார். மணி அடித்தும் பதில் இல்லை. பழைய பழக்கத்தில் கால் தானாகக் கொல்லைப்புறம் சுற்றியது.

அங்கே மூன்று கஞ்சாச் செடிகள் தோள் உயரத்துக்குப் பூத்துக் குலுங்கின. தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்கு. விளிம்பில் அவருடைய கையெழுத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று.

"அப்போ... எல்லாம் பெண் செடியா?" என்றார் வோல்க்மார், பின்னால் பூவாளியோடு வந்து நின்ற யோஸ்டிடம்.

"மூணுமே சார். அருமையா வளர்த்திருக்கீங்க."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார் வோல்க்மார். வந்தது சிரிப்பு. போலீஸில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால், சாயங்காலம் பீர் மேஜையில் சிரிக்கப் போகிறவர்கள் மதியமே ஆரம்பித்துவிடுவார்கள்.

"யோவ், தொட்டியையாவது குடுய்யா!" என்றார்.

யோஸ்ட் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நிதானமாகப் பேனாவை எடுத்தார்.

"ரசீது வேணுமா சார்?"