இருபத்தொரு பாகை

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு சுகிர்தா அதற்கென ஒதுக்கியிருந்த அறைக்குள் போகவே இல்லை. அந்த அறையைச் சூடாக்க முன்பே சொல்லிவைத்திருந்த ஹீட் பம்பைப் பொருத்த, ஒஸ்லோவின் முதல் பனியோடு ஆள் வந்துவிட்டார். வேண்டாமென்று சொல்லக் கணவன் இளங்கீரன் மறந்திருந்தான். வந்தவரும் தமிழர்.

“பிள்ளைக்கு எந்த அறை, தங்கச்சி?”

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

“கோடையில குளிராயும் ஓடும். இப்ப சூட்டை இருபத்தொண்டில விடுறன். பச்சைப்பிள்ளைக்கு அது காணும், கூட வேண்டாம்.”

“காணும், அண்ணை.”

மாலையில் வேலை முடிந்து வந்த இளங்கீரன் வீடெங்கும் தேடிவிட்டுக் கடைசியாக அந்தக் கதவைத் திறந்தான். சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குக் கீழே, தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“கதவைச் சாத்துங்கோ,” என்றாள். “சூடு போகுது.”

உள்ளே வந்து சாத்துவதா, வெளியே நின்று சாத்துவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.