போயிட்டு வா

பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டிய ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் காரைப் பேரம் பேசி வாங்கிய கபீர் பாய், எமர்ஜென்சி வருஷத்தில் அதை ஓட வைக்கச் சொல்லி சங்கரன்கோவில் மெக்கானிக் பிரபுதாஸிடம் விட்டார்.

எஞ்சினில் ஒரு போல்ட் மட்டும் துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, நெருப்புக் காட்டி, கடைசியில் அறுத்தே எடுத்தான். எதைக் கழற்றினாலும் "போயிட்டு வா மக்கா" என்றுதான் பிரபுதாஸ் கீழே வைப்பான். 'போ' என்று மனுஷருக்கே சொல்லக்கூடாது. சாமானுக்குச் சொன்னால் தொழில் விளங்குமா?

மறுநாள் அந்த போல்ட் பழைய இடத்திலேயே இருந்தது. அறுத்த தடமே இல்லை. மறுபடி அறுத்துக் கிணற்றில் எறிந்தான். மறுபடி வந்தது, ஈரத்தோடு.

கபீர் பாய் குனிந்து பார்த்தார். "சம்பந்தியக் கூப்பிடுத மாதிரி வான்னு கூப்பிட்டா வராம என்னவே செய்யும்? போன்னு சொல்லித் தொலையும்."

"நாக்கு வரமாட்டேங்கு பாய்."

"பழகினா வரும்வே."

பழகினான். "போ" என்று சொல்லி எடுத்த போல்ட் அப்புறம் வரவில்லை. அந்தக் குஷியில் வேண்டாத சாமான் எல்லாவற்றுக்கும் 'போ' போட்டான். பேச்சுவாக்கில் சுத்தியலையும் "போ" என்று கீழே வைத்தான். சுத்தியலைக் காணோம்.

காருக்கடியில் படுத்து அதைத் தேடும்போது, மனைவி மார்த்தாள் பையோடு வந்து நின்றாள். "ஏங்க, திருவேங்கடத்துக்கு அம்மை வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"போ" என்றான்.

சொன்ன பிறகுதான் தேடிய கை நின்றது. தவழ்ந்து வெளியே வந்தபோது அவள் எதிரே நின்ற பஸ்சில் ஏறியிருந்தாள். பஸ்சும் நகர்ந்துவிட்டது. "ஏட்டி, போயிட்டு வா! போயிட்டு வா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான்.

மார்த்தாள் சன்னலில் தலையை நீட்டிச் சிரித்தாள்.

"அதான் போன்னுட்டியளே! போறேன்."